அட்டவணையில் மாற்றியாயிற்று, அரட்டையில் மாறவில்லையே? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பாளையங்கோட்டையில் தலைமை அலுவலகமும், தென்காசி, சங்கரன்கோவில், கடையநல்லூர், அம்பாசமுத்திரம், நாங்குநேரி, வள்ளியூர் என்று கிளைகளும் உள்ள ஒரு மொத்த வியாபார நிறுவனத்தில் கணினிகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. கிளைகள் தங்களுக்குள் பேசிக்கொள்ளச் சொந்தமாக ஓர் அரட்டை சர்வர் வைத்திருக்கிறோம். ஓப்பன்ஃபயர் என்ற இலவச மென்பொருள். அதற்குப் பின்னால் மைஎஸ்கியூஎல் தரவுத்தளம்; பயனர், குழு, தொடர்பு விவரமெல்லாம் அதன் அட்டவணைகளில் வரி வரியாக இருக்கும். அந்தத் தரவுத்தளத்தில் யாராவது நேரடியாகக் கைவைத்தால் பத்தாவது நிமிடம் என் தொலைபேசி அடிக்கும். ஒரே பதிலைப் பலருக்கும் சொல்லித் தொண்டை வறண்டுவிட்டதால் எழுதி வைக்கிறேன். கேட்டவர்களில் கிளை மேலாளர்களும் உண்டு, என்னிடம் வேலை பழகும் பையன்களும் உண்டு. அவரவருக்கு வேண்டியதை எடுத்துக்கொள்ளலாம்.

அண்ணாச்சி, அட்டவணையில் பெயரை மாற்றிவிட்டதாகச் சொன்னீர்கள். என் திரையில் பழைய பெயர்தானே இருக்கிறது?

மாற்றியது உண்மை. உங்கள் திரையில் தெரிவதும் உண்மை. இரண்டும் வேறு வேறு இடங்களிலிருந்து வருகின்றன.

நம் பழைய கடையை நினைத்துக்கொள்ளுங்கள். பேரேடு உள்ளறையில் இரும்புப் பெட்டிக்குள் இருக்கும். கணக்குப்பிள்ளை முன்கட்டில் உட்கார்ந்திருப்பார். யார் பாக்கி கேட்டாலும் ஒவ்வொரு முறையும் எழுந்து உள்ளே போய்ப் பேரேட்டைப் புரட்டிக்கொண்டிருக்க மாட்டார். அடிக்கடி கேட்கப்படும் கணக்குகளைச் சிட்டையில் குறித்துப் பக்கத்திலேயே வைத்திருப்பார். அதைப் பார்த்துத்தான் சொல்வார். கணக்கை அவரே திருத்தினால் பேரேட்டையும் சிட்டையையும் சேர்த்துத் திருத்துவார். ஆனால் அவர் முன்கட்டில் இருக்கும்போதே முதலாளி பின்வாசல் வழியாக வந்து, பேரேட்டில் மட்டும் ஒரு தொகையை அடித்துத் திருத்திவிட்டு, ஒரு வார்த்தையும் சொல்லாமல் போய்விட்டார் என்று வையுங்கள். அடுத்த ஆள் வந்து கேட்டால் கணக்குப்பிள்ளை எந்தத் தொகையைச் சொல்வார்?

சர்வர்தான் கணக்குப்பிள்ளை. தரவுத்தளம் பேரேடு. சிட்டைக்கு இந்தத் தொழிலில் கேஷ் என்று பெயர். அட்டவணையில் நேரடியாக எழுதுகிறவன் பின்வாசல் வழியாக வந்தவன். ஒரு வரி மாறிவிட்டது என்று தரவுத்தளம் தானாக வந்து சர்வரிடம் சொல்லாது. சர்வரும் போய்க் கேட்காது.

கேஷை அழித்தால் எங்கள் பழைய செய்திகள் போய்விடுமா?

போகாது. ஒருமுறை நான் தொலைபேசியில் யாரிடமோ "கேஷை அழித்துவிட்டேன்" என்று சொன்னபோது முதலாளி அண்ணாச்சி சட்டென்று கல்லாப்பெட்டியைத் திரும்பிப் பார்த்தார். அந்தக் கேஷ் வேறு, இந்தக் கேஷ் வேறு. சிட்டையைக் கிழித்துப் போட்டால் பேரேட்டுக்கு ஒன்றும் ஆகாது. நீங்கள் இணைப்பில் இல்லாதபோது வந்து காத்திருக்கும் செய்திகள்கூடத் தரவுத்தளத்தில் தனி அட்டவணையில் பத்திரமாக இருக்கின்றன. அடுத்த முறை தேவைப்படும்போது சர்வர் அட்டவணையிலிருந்து புதிதாகப் படித்துக்கொள்ளும். முதல் சில நிமிடங்கள் சற்றே மந்தமாக இருந்தாலும் இருக்கலாம்.

எப்படி அழிப்பது?

நிர்வாகப் பக்கத்துக்குள் போங்கள். வழக்கமாக 9090 என்ற போர்ட்டில் (சர்வரின் முகவரிக்குப் பின்னால் போடும் எண்) இருக்கும். பாதுகாப்பான இணைப்பு என்றால் 9091. 'சர்வர்' தாவலில், 'சர்வர் மேனேஜர்' பகுதியில், இடப்பக்கப் பட்டியலில் 'கேஷ் சம்மரி' என்று ஒரு பக்கம் உண்டு. ஒவ்வொரு கேஷின் பெயரும், அதன் உச்ச அளவும், இப்போதைய அளவும், எவ்வளவு தூரம் பயன்படுகிறது என்ற விழுக்காடும் வரிசையாக இருக்கும். வேண்டியதை டிக் செய்து, கீழே உள்ள 'கிளியர் செலக்டெட்' பொத்தானை அழுத்தினால் வேலை முடிந்தது.

எதை டிக் செய்வது என்பதில்தான் கவனம் வேண்டும். ஒருவருடைய பெயர், மின்னஞ்சல் போன்றவற்றை மாற்றியிருந்தால் 'யூசர்'. தொடர்புப் பட்டியலைத் தொட்டிருந்தால் 'ரோஸ்டர்'. குழுக்கள் என்றால் 'குரூப்', கூடவே 'குரூப் மெட்டாடேட்டா'. படமும் முகவரி அட்டையும் என்றால் 'விகார்டு'. பதிப்புக்குப் பதிப்பு பெயர்கள் சற்று மாறும், பார்த்தால் புரியும்.

எல்லாவற்றையும் ஒரே அடியாகத் தேர்ந்தெடுத்து அழுத்தாதீர்கள். அதே பக்கத்தில் 'ரவுட்டிங்' என்று தொடங்கும் பெயர்களும், நடப்பு இணைப்புகளைப் பற்றிய பெயர்களும் இருக்கும். அவை சிட்டையே அல்ல. இந்த நிமிடம் யார் எந்த இணைப்பில் இருக்கிறார்கள் என்ற நினைவு அது. எந்த அட்டவணையிலும் அதற்கு மூலம் கிடையாது. அதை அழித்தால் திரும்பப் படிக்க இடமில்லை. ஆள் இணைப்பில் இருப்பார், செய்தி மட்டும் போய்ச் சேராது. பிறகு எல்லோரையும் வெளியேற்றி உள்ளே அழைப்பதைத் தவிர வழியில்லை.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த நிர்வாகப் பக்கத்தை இணையத்தில் திறந்து வைக்காதீர்கள். கடவுச்சொல் இல்லாமலே அதற்குள் நுழைந்துவிடக்கூடிய ஓட்டை ஒன்று 2023 இல் வெளிவந்தது, 4.6.8, 4.7.5 ஆகிய பதிப்புகளில் அதை அடைத்தார்கள். அதற்கு முந்தைய பதிப்பு ஓடிக்கொண்டிருந்தால் கேஷைப் பற்றிக் கவலைப்படுவதை நிறுத்திவிட்டு முதலில் பதிப்பை மாற்றுங்கள்.

ஒன்றுமே செய்யாமல் காத்திருந்தால் தானாகச் சரியாகிவிடாதா?

பெரும்பாலும் ஆகிவிடும். சிட்டையில் எழுதிய ஒவ்வொரு வரிக்கும் ஓர் ஆயுள் உண்டு. மாற்றாமல் விட்டிருந்தால் பயனர் விவரத்துக்கும் ரோஸ்டருக்கும் 30 நிமிடம், குழுவுக்கு 15 நிமிடம், முகவரி அட்டைக்கு 6 மணி நேரம். சிட்டையில் ஏறிய நேரத்திலிருந்து கணக்கு. ஆகவே இரவு மாற்றினால் காலையில் சர்வரின் நினைவு சரியாகத்தான் இருக்க வேண்டும்.

இந்த ஆயுளையும் அளவையும் 'சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ்' பக்கத்தில் மாற்றலாம். ஆயுளை மில்லிசெகண்டில் எழுத வேண்டும்: 5 நிமிடம் என்றால் 300000. 30 என்று எழுதிவிட்டு 30 நிமிடம் என்று நம்பிக்கொண்டிருந்தவர்களும் உண்டு. எப்போதும் புதிதாக இருக்கட்டும் என்று ஆயுளை ஒரு நிமிடத்துக்குக் குறைப்பது வீண். கணக்குப்பிள்ளை நாள் முழுக்க உள்ளறைக்கும் முன்கட்டுக்கும் நடந்துகொண்டே இருப்பார். நீட்டி வைப்பது அதைவிட மோசம். எப்படி என்பது அடுத்த பதிலில் இருக்கிறது.

பையன்கள் 'தென்காசி விவகாரம்' என்று சொல்லிச் சிரிக்கிறார்களே, அது என்ன?

சிரிக்கட்டும். நடந்ததைச் சொல்கிறேன்.

2019 நவம்பர் 22 அன்று தென்காசி தனி மாவட்டமானது. எங்கள் அரட்டையில் குழுக்களை மாவட்டவாரியாக வைத்திருந்தோம். 'நெல்லை மாவட்டக் கிளைகள்' என்ற குழுவில்தான் தென்காசி, சங்கரன்கோவில், கடையநல்லூர்க்காரர்களும் இருந்தார்கள். 1986 இல் தூத்துக்குடி பிரிந்தபோது கடிதத்தாளையும் ரப்பர் ஸ்டாம்பையும் மாற்றியதோடு வேலை முடிந்திருக்கும். இம்முறை மூன்று கிளைகளின் ஆட்களையும் புதிய குழுவுக்கு மாற்ற வேண்டும். நிர்வாகப் பக்கத்தில் ஒவ்வொருவராக மாற்ற எனக்குச் சோம்பல். இரவு உட்கார்ந்து, தரவுத்தளத்துக்கு நேரடியாகக் கட்டளையிடும் எஸ்கியூஎல் எழுதினேன். குழு அட்டவணையில் புதிய வரி. உறுப்பினர் அட்டவணையில் அந்த மூன்று கிளைக்காரர்களின் குழுப்பெயர் மாற்றம். குழுவை யார் யார் பட்டியலில் காட்டுவது என்பதைச் சொல்லும் பண்பு அட்டவணையில் சில வரிகள். மூன்றையும் ஓட்டி, சரிபார்த்து, திருப்தியாக வீட்டுக்குப் போனேன்.

காலையில் சங்கரன்கோவில் மேலாளர் அழைத்தார். "அண்ணாச்சி, நாங்கள் இன்னும் நெல்லையில்தான் இருக்கிறோம்." எனக்குக் கேஷ் என்ற ஒன்று தெரியுமே! 'ரோஸ்டர்' கேஷை அழித்தேன். வெளியேறி உள்ளே வரச் சொன்னேன். நெல்லையிலேயே இருந்தார். மறுபடி அழித்தேன். மறுபடியும் நெல்லை. பதினொரு மணிக்கெல்லாம் நான் எழுதிய எஸ்கியூஎல் மீதே எனக்கு நம்பிக்கை போய்விட்டது. அட்டவணைகளை நான்கு முறை படித்தேன். எல்லாம் சரியாக இருந்தது.

நடந்தது இதுதான். ஒரு பொதுக் குழுவில் இருக்கும் ஆட்கள், இந்தச் சர்வரில், ஒவ்வொருவருடைய தொடர்பு அட்டவணையிலும் எழுதப்படுவதில்லை. ஒருவருடைய பட்டியலைத் தயாரிக்கும்போது, அவர் எந்தக் குழுவில் இருக்கிறார், அந்தக் குழுவில் வேறு யார் இருக்கிறார்கள் என்று சர்வர் குழுக்களிடம் கேட்டு அப்போதைக்கு அப்போது சேர்க்கிறது. நான் பட்டியலைக் கிழித்தேன். சர்வர் புதிய பட்டியல் எழுத உட்கார்ந்தது. எதைப் பார்த்து எழுதியது? நான் கிழிக்காமல் விட்ட குழுச் சிட்டையைப் பார்த்து. பழைய கள், புது மொந்தை.

குழுவின் ஆயுள் 15 நிமிடம்தானே, இரவே தீர்ந்திருக்க வேண்டுமே என்று கேட்பீர்கள். அங்கேதான் என் சொந்தக் கைவரிசை. அதற்கு ஓர் ஆண்டு முன்பு, சர்வர் வேகமாக ஓடட்டும் என்று அந்த ஆயுளை 86400000 ஆக, அதாவது ஒரு முழு நாளாக, நீட்டி வைத்திருந்தேன். வைத்ததை மறந்தும்போனேன். வேகம் கூடியதா என்று கேட்காதீர்கள். அறுபது எழுபது பேருக்கு ஓடும் சர்வரில் அது யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஆகவே குழுவைத் தொட்டால் 'குரூப்', 'குரூப் மெட்டாடேட்டா', 'ரோஸ்டர்' மூன்றையும் ஒன்றாக டிக் செய்யுங்கள். ஒன்றை அழித்து, டீ குடித்துவிட்டு வந்து இன்னொன்றை அழித்தால், இடைப்பட்ட நேரத்தில் பழைய குழுவை வைத்துப் புதுப் பட்டியல் எழுதப்பட்டுவிடும்.

சர்வரில் அழித்துவிட்டீர்கள். நான் ஏன் வெளியேறி மீண்டும் நுழைய வேண்டும்?

பாபநாசத்தில் தண்ணீர் திறந்துவிட்டார்கள் என்று செய்தி வந்த உடனே வயல் நனைந்துவிடுகிறதா? ஆறு அணைக்கட்டுக்கு வர வேண்டும். அங்கிருந்து கால்வாய், கால்வாயிலிருந்து குளம், குளத்து மடையிலிருந்து வயல். ஒவ்வொரு இடத்திலும் ஏற்கெனவே கொஞ்சம் தண்ணீர் நிற்கும், ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் திறந்துவிட வேண்டும். சர்வரின் கேஷ் ஒரு மடைதான். உங்கள் கைப்பேசியில் இருக்கும் செயலி இன்னொரு குளம்.

இந்த வகை அரட்டைக்கு எக்ஸ்எம்பிபி என்று ஒரு பொது விதி உண்டு; 1999 இல் ஜாபர் என்ற பெயரில் தொடங்கியது. அதன்படி, செயலி உள்ளே நுழையும்போது ஒரே ஒரு முறை தொடர்புப் பட்டியலைக் கேட்டு வாங்கிக்கொள்ளும். அதன்பின் ஏதாவது மாறினால், மாறியதை மட்டும் சர்வர்தான் தானாகத் தள்ளிவிட வேண்டும். தன் கையால் மாற்றியதைத்தான் சர்வர் தள்ளும். பின்வாசல் மாற்றம் அதற்கே தெரியாது, எதைத் தள்ளும்? கேஷை அழித்தாலும், தான் மறந்துவிட்டதை அது யாருக்கும் அறிவிப்பதில்லை. அதனால்தான் வெளியேறி வரச் சொல்கிறோம். செயலியைச் சிறிதாக்கி வைப்பது வெளியேறுவதாகாது. கைப்பேசிச் செயலிகள் பல நாட்கள் ஒரே இணைப்பைப் பிடித்துக்கொண்டிருக்கும். கணக்கை அணைத்து மீண்டும் இயக்குங்கள்.

படத்தின் கதை இன்னும் கொஞ்சம் சிக்கல். ஒருவர் இணைப்புக்கு வரும்போது, அவருடைய படத்தின் சுருக்க அடையாளம் ஒன்றை அவருடைய செயலி மற்றவர்களுக்கு அனுப்புகிறது. அந்த அடையாளம் மாறாதவரை மற்றவர்களின் செயலிகள் தாங்கள் சேமித்து வைத்த பழைய படத்தையே காட்டும். நீங்கள் அட்டவணையில் படத்தை மாற்றினால், படத்துக்குரியவர் வெளியேறி நுழைந்தால்தான் மற்றவர்களுக்கு மாறும். மற்றவர்கள் எத்தனை முறை வெளியேறினாலும் பயனில்லை. படத்தை அவரவர் செயலியிலேயே மாற்றிக்கொள்ளச் சொல்வதுதான் புத்திசாலித்தனம்.

மாற்றியது முதலில் சரியாக இருந்தது. மத்தியானம் பார்த்தால் அட்டவணையிலேயே பழையபடி ஆகிவிட்டது. யாராவது திருத்திவிட்டார்களா?

திருத்தியது சர்வர். தொடர்பு அட்டவணையில் ஒரு வரியைப் புதுப்பிக்கும்போது, மாறிய ஒரு கட்டத்தை மட்டும் அது எழுதுவதில்லை. சந்தா நிலை (யார் யாரைப் பார்க்கலாம் என்பது), நிலுவையில் உள்ள கோரிக்கைகள், புனைபெயர் எல்லாவற்றையும் தன் நினைவில் உள்ளபடி சேர்த்தே எழுதுகிறது. நீங்கள் சந்தா நிலையை 0 இலிருந்து 3 ஆக, அதாவது ஒருவரையொருவர் பார்க்கும் நிலைக்கு, மாற்றிவிட்டு கேஷை அழிக்காமல் விட்டீர்கள். அந்த 30 நிமிடத்துக்குள் அதே ஆள் தன் நண்பருக்கு ஒரு புனைபெயர் வைத்தார். சர்வர் தன் பழைய 0 ஐயும் புதிய புனைபெயரையும் சேர்த்து எழுதிவிட்டது.

பழையது தெரிகிறது என்பது எரிச்சல்தான், ஆனால் கெடுதல் இல்லை. புதியதன் மேல் பழையது எழுதப்படுவதுதான் கெடுதல். மாற்றியவுடன் அழிக்க வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான்.

கேஷை அழித்தேன், வெளியேறி வந்தேன், ஒன்றும் நடக்கவில்லை.

கமிட் செய்தீர்களா, அதாவது மாற்றத்தை உறுதிசெய்யும் கட்டளையைக் கொடுத்தீர்களா? தானியங்கிக் கமிட்டை அணைத்து வைத்திருந்தால், உங்கள் ஜன்னலில் மட்டும் புதியது தெரியும். வேறு யாருக்கும் தெரியாது. இன்னொரு ஜன்னலைத் திறந்து படித்துப் பாருங்கள்.

தொடர்பு அட்டவணையில் ஐம்பது வரிகளைச் சேர்த்தேன். அன்றிலிருந்து யார் புதிய நண்பரைச் சேர்த்தாலும் பிழை வருகிறது.

இது கேஷ் அல்ல, ஆனால் அதன் தம்பி. அந்த அட்டவணையில் ஒவ்வொரு வரிக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணைத் தரவுத்தளம் கொடுப்பதில்லை, சர்வர் கொடுக்கிறது. அடுத்த எண் எது என்பதை அடையாள எண்களுக்கென்றே உள்ள ஒரு சிறிய அட்டவணையில் குறித்து வைத்திருக்கும். அதில் வகை எண் 18 என்ற வரி ரோஸ்டருக்கு உரியது. அங்கிருந்து சில எண்களை மொத்தமாக எடுத்துத் தன் நினைவில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் செலவழிக்கும். நீங்கள் அந்த எண்களை உங்கள் வரிகளுக்குப் போட்டுவிட்டீர்கள். சர்வர் அதே எண்ணோடு வந்து மோதுகிறது.

சர்வரை நிறுத்துங்கள். தொடர்பு அட்டவணையின் மிகப் பெரிய எண்ணைப் பாருங்கள். அடையாள எண் அட்டவணையில் அதைவிடப் பெரியதாக எழுதுங்கள். பிறகு தொடங்குங்கள். நிறுத்தாமல் செய்தால், நினைவில் எடுத்து வைத்த எண்கள் தீரும்வரை மோதல் தொடரும்.

பயனரைக் கையால் சேர்ப்பவர்களுக்கும் இரண்டு குழிகள் உண்டு. பயனர்பெயர் சிறிய எழுத்தில்தான் இருக்க வேண்டும். பெரிய எழுத்தில் எழுதிய கணக்கைச் சர்வர் கண்டுபிடிக்காது, நீங்கள் கேஷைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள். உருவான நாளை, 1970 முதல் எண்ணிய மில்லிசெகண்டாக, முன்னால் பூஜ்யங்கள் இட்டு 15 இலக்க எழுத்துச்சரமாகத் தர வேண்டும். கடவுச்சொல் நெடுவரிசைகளை நான் தொடவே விடமாட்டேன். அதில் மறையாக்கமும், 'உப்பு' என்று கலக்கும் தற்செயல் எழுத்துகளும், பிறவும் பின்னிக்கிடக்கின்றன; நிர்வாகப் பக்கத்தில் மாற்ற அரை நிமிடம் போதும்.

வேலையை விட்டுப் போனவரின் பெயரைப் பயனர் அட்டவணையிலிருந்து நீக்கினோம். மாலைவரை அவர் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தாரே!

நுழைவுச்சீட்டைக் கொட்டகைக்குள் போன பிறகு யார் கேட்கிறார்கள்? அவர் காலையிலேயே உள்ளே வந்தவர். இணைப்பு அறுகிறவரை சர்வர் அவரை மறுபடி சோதிக்காது. கேஷை அழித்தாலும் அந்த இணைப்பு அறுவதில்லை.

வரியை நீக்குவதில் இன்னொரு தொல்லையும் உண்டு. அவருடைய தொடர்புகள், குழு உறுப்பினர் வரி, முகவரி அட்டை, காத்திருக்கும் செய்திகள் எல்லாம் வேறு அட்டவணைகளில் அநாதையாகக் கிடக்கும். பிறகு ஒருநாள் அதே பெயரில் புதிதாக ஒருவர் சேர்ந்தால், முன்னவரின் செய்திகள் அவருக்குப் போய்ச் சேரும். நிர்வாகப் பக்கத்தில் பயனரைத் திறந்து 'லாக் அவுட்' (Lock Out, பூட்டுவது) கொடுங்கள். கணக்கும் பூட்டப்படும், திறந்திருக்கும் இணைப்பும் அறுபடும். நீக்குவதை நிதானமாக, அதே பக்கத்தின் வழியாகச் செய்துகொள்ளலாம்.

அரட்டை அறையின் தலைப்பை அட்டவணையில் மாற்றினேன். கேஷ் பட்டியலில் எதை அழிப்பது?

எதையும் வேண்டாம். அறைகளைச் சர்வர் உயிரோடு நினைவில் வைத்திருக்கிறது; உள்ளே யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதும் அதோடு ஒட்டியிருக்கிறது. நிர்வாகப் பக்கத்திலோ அறையின் உரிமையாளராகச் செயலியிலோ மாற்றுங்கள். 'சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ்' மதிப்புகளும் அப்படியே: அட்டவணையில் எழுதினால் அடுத்த முறை சர்வரைத் தொடங்கும்போதுதான் படிக்கும்.

பெயரைத் தமிழில் மாற்றினேன். வெறும் கேள்விக்குறிகளாக வருகிறது. எத்தனை முறை அழிப்பது?

எத்தனை முறை அழித்தாலும் கேள்விக்குறிதான். நீங்கள் எழுதிய இணைப்பு தமிழ் எழுத்தைச் சுமக்கத் தெரியாத எழுத்துக் குறிமுறையில் இருந்திருக்கிறது. தெரியாத ஒவ்வொரு எழுத்துக்கும் தரவுத்தளம் ஒரு கேள்விக்குறியைப் போட்டுவிட்டது. 'முத்துலட்சுமி' என்ற பெயர் அங்கே இல்லவே இல்லை, திரும்பப் பெறவும் முடியாது. அந்தக் கட்டத்தை ஹெக்ஸ் (பதினாறடிமான எண்) வடிவில் படித்துப் பாருங்கள். தமிழையும் சுமக்கும் யூடிஎஃப்-8 குறிமுறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் பிடிக்கும். வரிசையாக 3எஃப், 3எஃப் என்று மட்டும் இருந்தால் அது கேள்விக்குறி. இணைப்பை யூடிஎஃப்8எம்பி4 ஆக்கிக்கொண்டு மறுபடி எழுதுங்கள்; பிறகு 'யூசர்' கேஷை ஒருமுறை அழியுங்கள்.

கேள்விக்குறியாக இல்லாமல், மேலே புள்ளியும் கோடும் வைத்த அந்நிய எழுத்துகளாகத் தெரிந்தால் கொஞ்சம் நம்பிக்கை உண்டு. அதைப் பெரும்பாலும் மீட்டுவிடலாம்.

இவ்வளவு எதற்கு? சர்வரையே நிறுத்தித் தொடங்கினால் போதாதா?

போதும். எல்லாச் சிட்டையும் போய்விடும், எல்லோரும் வெளியேறி நுழைந்தும் விடுவார்கள். கடை நேரத்தில் செய்யாதீர்கள் என்பதுதான் என் வேண்டுகோள். சரக்கு லாரி எங்கே நிற்கிறது என்று வள்ளியூர்க்காரர் கேட்டுக்கொண்டிருக்கும்போது அறுத்தால் திட்டு எனக்குத்தான் வரும்.

சில வேலைகளுக்கு நிறுத்தியே ஆக வேண்டும். முழுக் காப்பு நகலை மீட்பது அதில் முதன்மையானது. 2023 டிசம்பர் 17, 18 மழையில் நெல்லை ஜங்ஷன் பகுதி வெள்ளத்தில் மூழ்கியபோது, அங்கே கிட்டங்கியில் இருந்த எங்கள் சர்வரும் நனைந்தது. மேட்டில் இருக்கும் பாளையங்கோட்டை அலுவலகத்தில் வேறொரு கணினியில் நகலை மீட்டோம். முதலில் தரவுத்தளம், அது முழுதாக ஏறியபின் சர்வர். ஒரு புகாரும் வரவில்லை. ஓடிக்கொண்டிருக்கும் சர்வருக்கு அடியில் முழுத் தரவுத்தளத்தையும் உருவி மாற்றினால் அதன் நினைவில் உள்ள ஒவ்வொன்றும் பொய்யாகிவிடும். கேஷ் பக்கத்தில் டிக் செய்து சமாளிக்கிற அளவைத் தாண்டிய பொய்.

சிறிய அலுவலகங்களில் தனித் தரவுத்தளம் வைக்காமல், ஓப்பன்ஃபயரோடு உள்ளமைந்து வரும் எச்எஸ்கியூஎல்டிபி என்ற சிறு தரவுத்தளத்தையே பயன்படுத்துவார்கள். அதில் ஓடும்போது கோப்பைத் திருத்தினால் கேஷ் பிரச்சினையே எழாது. நிறுத்தும்போது சர்வர் தன் நினைவில் உள்ளதைக் கோப்பில் திரும்ப எழுதிவிடும். உங்கள் திருத்தம் இருந்த இடம் தெரியாது. நிறுத்திவிட்டுத்தான் தொட வேண்டும்.

எங்கள் அலுவலகத்தில் ஓடுவது ஈஜாபர்டி. அதற்கும் இதே கதையா?

அதுவும் இதே வகை அரட்டை சர்வர்தான். கதை ஒன்று, கருவி வேறு. ஈஜாபர்டியின் கட்டளை நிரலில் 'கிளியர் கேஷ்' என்று ஒரு கட்டளை இருக்கிறது. எல்லாக் கணுக்களிலும் (ஒன்றாகச் சேர்ந்து இயங்கும் சர்வர்களிலும்) சேர்த்து அழித்துவிடும். இயல்பான ஆயுள் ஒரு மணி நேரம்.

அதில் ஒரு சூட்சுமம் உண்டு. இருப்பதை மட்டுமல்ல, இல்லாததையும் அது நினைவில் வைத்துக்கொள்ளும். 'இந்தப் பெயரில் ஆளே இல்லை' என்ற பதிலும் சிட்டையில் ஏறிவிடும். புதிய ஊழியர் கணக்கு உருவாகும் முன்பே ஆசையாக நுழையப் பார்த்திருப்பார். அதன்பின் நீங்கள் அட்டவணையில் சேர்த்தாலும், 'இல்லை' என்ற பழைய பதில் தீரும்வரை கதவு திறக்காது. வேறு பெயரில் சேர்த்தால் உடனே வேலை செய்யும். அதைப் பார்த்துத்தான் பலர் பேய் பிசாசு என்ற முடிவுக்கு வருகிறார்கள்.

சரி சார், ஐம்பது பேரை ஒரே நேரத்தில் மாற்ற வேண்டும் என்றால் என்னதான் செய்வது?

முன்வாசல் வழியாக வாருங்கள். ஓப்பன்ஃபயருக்கு 'ரெஸ்ட் ஏபிஐ' என்று ஒரு செருகுநிரல் உண்டு. பயனர், குழு, தொடர்பு எதையும் சிறு நிரல் எழுதி அதன் வழியாக மாற்றலாம். மாற்றுவது சர்வரே என்பதால் அட்டவணை, சிட்டை இரண்டும் சேர்ந்தே மாறும்; இணைப்பில் இருப்பவர்களுக்குத் திரையிலும் அப்போதே மாறும். தென்காசி விவகாரத்தை நான் அப்படிச் செய்திருந்தால் இந்தப் பக்கத்தில் பாதியை எழுதியிருக்க மாட்டேன்.

அப்படியும் பின்வாசல்தான் வழி என்றால் நான் செய்வது இது. கடை மூடியபின் காப்பு நகல் எடுப்பேன். எத்தனை வரி மாறப்போகிறது என்று முதலில் எண்ணுவேன். மாற்றியபின் வந்த எண்ணிக்கை அதோடு ஒத்துப்போனால்தான் கமிட். உடனே அந்தந்த கேஷ். காலையில் ஒவ்வொரு கிளையிலும் ஒருவரையாவது வெளியேறி நுழையச் சொல்லிக் கேட்டுக்கொள்வேன்.

தரவுத்தளத்தின் கடவுச்சொல்லை எங்களுக்கும் தரலாமே சார்? உங்களை ஒவ்வொரு முறையும் தொந்தரவு செய்ய வேண்டாமே?

தரமாட்டேன். வாசிக்க மட்டும் உரிமையுள்ள கணக்கு வேண்டுமென்றால் இன்றைக்கே போட்டுத் தருகிறேன்.